வினைக்கும் ஒரு பெயர் வையுங்கள்

பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கணினி படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர் வாய்க்காலில் யார் எப்போது மடை திறந்தார்கள், எந்த வயலில் யார் நட்டார்கள், நெல் யாரிடம் போனது என்பதையெல்லாம் தர்க்க வடிவில் பதிந்து வைத்து, பின்னால் கேள்வி கேட்டால் பதில் வருகிற மாதிரி செய்யப் பார்க்கிறேன். ஆளை எழுத வருகிறது, வயலை எழுத வருகிறது. செயலை எழுதும்போது மட்டும் எல்லாம் குலைந்து போகிறது. 'நட்டார்' என்பதை எத்தனை இடம் உள்ள உறவாக எழுத வேண்டும்?"

தம்பி, இந்த இடத்தில் எல்லோருமே முட்டிக்கொண்டு நிற்பார்கள். நானும் நின்றேன். இடம் என்பது உறவின் அடைப்புக்குறிக்குள் நிரப்ப வேண்டிய கட்டம். எத்தனை இடம் என்று எண்ணத் தொடங்கினால் எண்ணி முடியாது. ஏன் முடியாது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

'செல்வி நாற்று நட்டார்.' இதை நட்டார்(செல்வி, நாற்று) என்று எழுதுவீர்கள். எந்த வயலில் என்று அப்பா கேட்பார். மூன்றாவது இடம் வேண்டும். எந்த நாளில்? நான்காவது. யார் கூப்பிட்டு, என்ன கூலிக்கு? ஐந்து, ஆறு. நம் காதுக்கு எல்லாம் ஒரே 'நட்டார்'தான். தர்க்கத்துக்கோ, இரண்டு இடம் உள்ள நட்டார் ஓர் உறவு, மூன்று இடம் உள்ள நட்டார் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னோர் உறவு. 'செல்வி வியாழக்கிழமை வாய்க்கால்மேட்டு வயலில் நாற்று நட்டார்' என்று தெரிந்தால், 'செல்வி நாற்று நட்டார்' என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இயந்திரம் சொல்லாது. ஒவ்வொரு ஜோடிக்கும் நீங்கள் தனி விதி எழுதிக் கொடுக்க வேண்டும். சரி, பத்து இடம் வைத்து, தெரியாததைக் காலியாக விடலாமா என்றால், நாளைக்குப் பதினொன்றாவதாக ஒன்று வரும். ஆந்தனி கென்னி என்ற தத்துவ அறிஞர் 1963இல் இந்தச் சிக்கலை எடுத்துப் பேசினார். செயலைச் சொல்லும் சொற்களுக்கு இடங்களின் எண்ணிக்கை நிற்பதே இல்லை என்பதுதான் அவர் கண்ட முடிச்சு.

அதை அவிழ்த்தவர் டொனால்ட் டேவிட்சன், 1967இல். அவருடைய எடுத்துக்காட்டு ஊர் உலகமெல்லாம் தெரிந்தது: ஜோன்ஸ் நள்ளிரவில், குளியலறையில், கத்தியால் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினான். அவர் சொன்ன வழி ஒரே வரி. செயலையும் ஒரு பொருளாக எண்ணு. ஜோன்ஸ் இருக்கிறான், ரொட்டி இருக்கிறது, அதுபோல அந்தத் தடவலும் 'இருக்கிறது'. அந்த வினைக்கு 'வி' என்று பெயர் வைத்துக்கொண்டால் நம் வாக்கியம் இப்படி ஆகும்:

ஒரு வி உண்டு.
வி ஒரு நடவு.
வியைச் செய்தவர் செல்வி.
விக்கு உட்பட்டது நாற்று.
வி நடந்த இடம் வாய்க்கால்மேட்டு வயல்.
வி நடந்த நாள் வியாழன்.

ஒவ்வொரு வரிக்கும் நடுவில் 'மேலும்' என்று வாசியுங்கள். ஆறு வரியும் சேர்ந்து உண்மை என்றால், முதல் வரியைத் தவிர எந்த வரியை உருவினாலும் மிச்சம் உண்மையாகவே நிற்கும். தனி விதி எதுவும் வேண்டாம். கூலி தெரிய வந்தால் ஏழாவது வரி. பழைய வரிகளைத் தொட வேண்டியதே இல்லை.

கண்டிப்பாகச் சொன்னால், டேவிட்சன் செய்பவரையும் செய்யப்படுவதையும் உறவுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, விக்கு ஓர் இடம் மட்டும் கூட்டினார். இடம், நேரம், கருவி ஆகியவற்றைத்தான் தனி வரிகளாக வெளியே எடுத்தார். செய்பவரையும் வெளியே எடுத்து, செய்பவர், இடம், கருவி என்று எல்லாப் பங்கையும் வியோடு ஒரே மாதிரி தொங்கவிடும் முறை பின்னால் வந்தது. அதை விரிவாக எழுதி நிலைநாட்டியவர் டெரன்ஸ் பார்சன்ஸ், 1990இல். உங்கள் வேலைக்கு இந்த இரண்டாவது முறைதான் பொருந்தும். காரணத்தைக் கரை உடைப்புக்கு வரும்போது சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில், வேற்றுமை மயங்கியலில் ஒரு நூற்பா:

வினையே செய்வது செயப்படு பொருளே
நிலனே காலம் கருவி என்றா
இன்னதற்கு இதுபயன் ஆக என்னும்
அன்ன மரபின் இரண்டொடும் தொகைஇ
ஆயெட் டென்ப தொழில்முதல் நிலையே

ஒரு தொழில் நடக்க முன்னிற்பவை எட்டு: வினை, செய்பவர், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னாருக்கு, இன்ன பயனுக்கு. பள்ளியில் இதை வேற்றுமையோடு சேர்த்து மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விட்டோம். பட்டியலில் முதலில் நிற்பது எது என்று பாருங்கள். வினை. செயலில் பங்கு கொள்பவற்றை எண்ண உட்கார்ந்தவர், செயலையே முதல் ஆளாக எண்ணியிருக்கிறார். சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினி, செயலில் பங்கு கொள்பவை என்று எண்ணிய ஆறு காரகங்களில் செய்பவன், செயப்படுபொருள், கருவி, கொள்பவன், நீங்குமிடம், இடம் உண்டு. செயல் அந்த எண்ணிக்கைக்கு வெளியே நிற்கிறது. நன்னூலும் 'செய்பவன் கருவி நிலம்செயல் காலம் செய்பொருள் ஆறும் தருவது வினையே' என்று செயலை உள்ளே வைத்தே ஆறு எண்ணுகிறது.

தொல்காப்பியர் தர்க்க வாய்பாடு எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கேட்ட கேள்வி வேறு. ஆனால் அந்த எட்டையும் எட்டு வரிகளாக எழுதினால், உங்களுக்கு வேண்டிய அச்சு கிட்டத்தட்டக் கையில் இருக்கிறது. அடுத்த நூற்பா இன்னும் உதவும்: 'அவைதாம், வழங்கியல் மருங்கின் குன்றுவ குன்றும்.' எட்டும் எல்லா வினைக்கும் வராது, குறைவது குறையும். தரவுத்தளம் கட்டுகிறவர் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டிய வரி இது.

இனி என் அனுபவம். பல வருடங்களுக்கு முன், மன்னார்குடிப் பக்கம் ஒரு வாய்க்காலுக்குத் தண்ணீர் முறைப் பதிவேடு செய்து கொடுத்தேன். மடை, திறந்தவர், தேதி என்று மூன்றே பத்தி. ஒரே வரி இரண்டு முறை வந்தால் தட்டச்சுப் பிழை என்று எண்ணி, இரண்டாவதை நீக்கிவிடும்படி வைத்திருந்தேன். ஒரு நாள் ராத்திரி அதே ஆள் அதே மடையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்திருக்கிறார். பதிவேட்டில் ஒரு திறப்புதான் நின்றது. கடைமடைக்காரருக்குத் தண்ணீர் ஏறாமல் போனதற்குக் காரணமே அந்த இரண்டாவது திறப்புதான். ஆனால் காகிதத்தில் அது நடக்கவே இல்லை. அவர் என் முன்னால் உட்கார்ந்து சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. இரண்டு செயல்கள் எல்லாப் பத்தியிலும் ஒத்துப் போகலாம். அப்போதும் அவை இரண்டு. செயலுக்கென்று ஓர் அடையாளம் இருந்தால்தான் அது தெரியும். ஒவ்வொரு தகவலையும் எழுவாய், உறவு, பொருள் என்று மூன்றாக எழுதும் ஆர்டிஎஃப் முறையில் எழுதினாலும் இதே கதைதான். 'முருகன் – திறந்தான் – மூன்றாம் மடை' என்ற மும்மையை நூறு தடவை எழுதினாலும் அது ஒன்றாகவே எண்ணப்படும். 'திறப்பு-41', 'திறப்பு-42' என்று வினைக்குப் பெயர் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

கரை உடைப்புக்கு வருவோம். கொள்ளிடக் கரையோ, வெண்ணாற்றுக் கரையோ, உடைந்தால் ஊரில் முதல் வாக்குவாதம் எது? 'கரை உடைந்தது' என்கிறார் ஒருவர். 'உடைந்ததா, உடைத்தார்களா?' என்கிறார் இன்னொருவர். ஓர் ஒற்று மாறியதும் செய்தவர் என்ற பங்கு முளைத்துவிடுகிறது. தன்வினை, பிறவினை என்று இலக்கணத்தில் படித்தது இங்கே கைகலப்பில் முடியும். உங்கள் பதிவில் 'உடைப்பு-7' என்று ஒரு நிகழ்வை வையுங்கள். உட்பட்டது இந்தக் கரை, இடம் இது, நேரம் இது. செய்தவர் வரியை எழுதவே எழுதாதீர்கள். பின்னால் தெரிந்தால் சேர்த்துக்கொள்ளலாம். 'தெரியாதவர்' என்று ஒரு ஆளைப் படைத்து அங்கே உட்கார வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் ஆள் ஒருவர் உடைத்தார் என்று நீங்களே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். செய்தவரை உறவுக்குள்ளே கட்டாய இடமாக வைத்திருந்தால் இந்தச் சுதந்திரம் கிடைக்காது. பார்சன்ஸ் முறையை நான் பிடித்துக்கொள்வது இதற்காகத்தான். எழுதப்படாதது எல்லாம் பொய் என்று கொள்ளாத திறந்த உலகப் பார்வை ஆர்டிஎஃப்பிலும், அதோடு சேர்த்து வகைகளையும் உறவுகளையும் வரையறுக்கப் பயன்படும் ஓடபிள்யூஎல் மொழியிலும் இயல்பாகவே இருக்கிறது. சாதாரண டேபிளில் எழுதினால் நீங்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

பங்குகளுக்குப் பெயர் வைக்கும்போது வேற்றுமை உருபைப் பார்த்து வைத்துவிடாதீர்கள். 'செல்விக்குக் கூலி கொடுத்தார்', 'செல்விக்குப் பசித்தது', 'தஞ்சாவூருக்குப் போனார்', 'கூலிக்கு நட்டார்' – நான்கிலும் 'கு'தான். ஒன்றில் பெறுபவர், ஒன்றில் உணர்பவர், ஒன்றில் போய்ச்சேரும் இடம், ஒன்றில் மாற்றாகக் கிடைப்பது. 'ஆல்' இன்னும் மோசம். மண்வெட்டியால் வெட்டினார் என்றால் கருவி, வெள்ளத்தால் உடைந்தது என்றால் காரணம், அரசனால் கட்டப்பட்டது என்றால் கருத்தா. மேலே தெரியும் உருபு வேறு, உள்ளே இருக்கும் பங்கு வேறு என்று சார்லஸ் ஃபில்மோர் 1968இல் எழுதியதிலிருந்து மொழியியலில் இந்தப் பங்குகளின் பட்டியல் பல வந்துவிட்டன. எந்தப் பட்டியலும் எல்லோரையும் திருப்திப்படுத்தியதில்லை. உங்களுக்கு என் யோசனை: எட்டுக்கு மேல் பொதுப் பங்கு வைக்காதீர்கள். தேவைப்படும் இடத்தில் நடவுக்கென்று, கொள்முதலுக்கென்று தனிப் பங்கு வைத்து, அதைப் பொதுப் பங்கின் கீழ் அடக்குங்கள்.

செய்பவர் யார் என்பதும் அவ்வளவு லேசான கேள்வி அல்ல. கரிகாலன் கல்லணையைக் கட்டினான். ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டினான். கல் சுமந்தது அவர்களா? நம் இலக்கணம் இதற்கு ஏவுதல் கருத்தா, இயற்றுதல் கருத்தா என்று இரண்டு பெயர் வைத்திருக்கிறது. பெரிய கோயில் கல்வெட்டிலேயே குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயர் வருகிறது. ஏவியவர் பெயரோடு இயற்றியவர் பெயரும் கல்லில் நிற்பது எனக்கு எப்போதும் நிறைவு தரும். இன்றைக்கும் அதே கதைதான். 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து வழக்கமாக ஜூன் 12இல் தண்ணீர் விட வேண்டும். 'அணையைத் திறந்தார்' என்று செய்தியில் வருபவர் ஒருவர், மதகை இயக்குபவர் வேறொருவர். உங்கள் வாய்க்காலிலும் உத்தரவு போடுபவர் ஒருவர், ஷட்டரைச் சுற்றும் லஸ்கர் ஒருவர். இரண்டு பேரையும் ஒரே நிகழ்வில் 'செய்தவர்' என்று போட்டால் பின்னால் பொறுப்புக் கேட்கும்போது குழம்பும். உத்தரவை ஒரு வினையாகவும், திறப்பை இன்னொரு வினையாகவும் எழுதி, முதலாவது இரண்டாவதை ஏவியது என்று ஒரு வரி போடுங்கள். ஆன்டாலஜி என்றால் ஒரு துறையில் என்னென்ன வகைப் பொருள்கள், உறவுகள் உண்டு என்று வகுத்த சட்டகம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2013இல் வெளியிட்ட புரோவ்-ஓ ஆன்டாலஜியில் ஒருவர் இன்னொருவர் சார்பில் செயல்பட்டார் என்று சொல்லவே தனி உறவு இருக்கிறது. அதையும் எடுத்துக்கொள்ளலாம்.

'பத்துப் பேர் மூன்று மா நட்டார்கள்' என்பது ஒரு நடவா, பத்து நடவா? யார் எவ்வளவு நட்டார் என்று யாரும் அளக்கவில்லை என்றால் ஒரு நடவு, செய்தவர் ஒரு குழு, குழுவில் பத்துப் பேர். பத்தாக உடைத்தால் தெரியாத பத்து அளவுகளை நீங்கள் கற்பனை செய்ய வேண்டி வரும். நெல் விற்பனையும் அப்படித்தான். அப்பா 'விற்றேன்' என்பார், கொள்முதல் நிலையத்தில் 'வாங்கினோம்' என்பார்கள். நடந்தது ஒரே கைமாற்றம். ஒன்றாகவே பதியுங்கள், இல்லாவிட்டால் நாற்பது மூட்டை எண்பது மூட்டை ஆகிவிடும்.

ஆன்டாலஜி பக்கம் வந்தால், பெரிய சட்டகங்கள் எல்லாம் உலகத்தை முதலில் இரண்டாகப் பிரிக்கின்றன. ஒரு பக்கம் ஆள், வயல், மண்வெட்டி போல எந்த நொடியில் பார்த்தாலும் முழுதாக இருப்பவை. இன்னொரு பக்கம் நடவு, வெள்ளம், கதிர் அறுப்பு போலக் காலத்தில் நீண்டு, பகுதி பகுதியாக நடப்பவை. 2021இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமாக வந்த பிஎஃப்ஓ என்ற சட்டகத்திலும், டோல்சே என்ற இன்னொன்றிலும் பெயர்கள் வேறு, பிளவு ஒன்று. இரண்டையும் கட்டும் கயிறுதான் 'பங்கேற்கிறது' என்ற உறவு. டோல்சேயில் அந்த உறவுக்குக் காலமும் உண்டு. காலையில் நட்டு, மதியம் வீட்டுக்குப் போய்விட்டவரை மாலை நடவில் சேர்க்காமல் இருக்க அது உதவும்.

இந்தப் பிளவு எவ்வளவு நுணுக்கமானது என்பதை எனக்குக் காட்டியது சோழர் காலத்து விளக்குக் கொடைகள். ஒருவர் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, வைக்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு கணக்கு. ஆடுகளை இடையர் ஒருவர் ஏற்று, நாள்தோறும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். இத்தகைய ஆடுகளைச் சோழர் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடு. ஆடு சாகும். செத்த ஆட்டுக்கு மறு ஆடு சேர்த்து, மந்தை என்றும் 96ஆகவே நிற்க வேண்டும் என்பது பொருள். அப்போது இந்தக் கொடையில் பங்கு கொண்டது எது? அன்றைக்கு ஓட்டிவந்த 96 உயிர்களா, அவை மாறினாலும் மாறாத மந்தையா? இரண்டும். கொடுத்த அன்றைய நிகழ்வில் அந்த 96 ஆடுகளும் பங்கு கொண்டன. கடமையில் பங்கு கொள்வது மந்தை. கல் வெட்டியவர் இரண்டு சொல்லில் சொல்லிவிட்டார். நமக்கு நாலைந்து வரி தேவைப்படுகிறது.

இன்னும் இருக்கிறது. ஆடு யாருடையது? இடையர் வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது, ஆனால் அவர் நினைத்தபடி விற்றுவிட முடியாது. அருங்காட்சியகங்களுக்காக எழுந்த சிடாக் சிஆர்எம் என்ற ஆன்டாலஜி, உரிமை மாறுவதை ஒரு நிகழ்வாகவும், கைவசம் மாறுவதை வேறொரு நிகழ்வாகவும் பிரித்து வைத்திருக்கிறது. விளக்குக் கொடைக்கு அது கச்சிதம். உங்களுக்கும் இது வேண்டும்: கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் நெல் யாருடையது, யார் பொறுப்பில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் விடை வேறு.

கருவிக்கும் கல்வெட்டில் பாடம் இருக்கிறது. பெரிய கோயிலில் பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், மணிகளைத் 'தக்ஷிணமேருவிடங்கன்' என்னும் கல்லாலும் நிறுத்தார்கள். எந்த எடைக்கல் என்பதைக் கொடைக் கல்வெட்டுகளில் வெட்டிவைத்தார்கள். கருவி தெரியாத எடை வெறும் எண் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்களும் மூட்டை எடையைப் பதியும்போது எந்தத் தராசு என்ற வரியை விடாதீர்கள்.

சரி, செயல் முடிந்த பிறகு என்ன நிற்கிறது? மடையைத் திறந்தது ஒரு நிமிட வேலை. அது திறந்திருந்தது ஆறு மணி நேரம். செயலையும் அது உண்டாக்கும் நிலையையும் பிரித்து எழுதுங்கள். ஒரு செயலால் மாறாதவை எல்லாம் மாறவில்லை என்று எப்படிச் சுருக்கமாகச் சொல்வது என்ற சிக்கலைச் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் மெக்கார்த்தியும் ஹேய்ஸும் 1969இல் எழுதினார்கள். மூன்றாம் மடையைத் திறந்தால் ஐந்தாம் மடை மூடியபடியே இருக்கும் என்பதை நாம் சொல்லாமலே அறிவோம், இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். கோவால்ஸ்கியும் செர்காட்டும் 1986இல் தந்த நிகழ்வுக் கணிதம் உங்களுக்குப் போதும்: ஒரு நிகழ்வு ஒரு நிலையைத் தொடங்கிவைக்கும், இன்னொரு நிகழ்வு அதை முடித்துவைக்கும், நடுவில் முடிக்கும் நிகழ்வு எதுவும் இல்லாதவரை நிலை தொடரும். திறப்பு-42 'மூன்றாம் மடை திறந்திருக்கிறது' என்ற நிலையைத் தொடங்கியது, மூடல்-42 முடித்தது. யாருக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் போனது என்பது கழித்தல் கணக்கு. ஒன்று கவனம்: 'முடிக்கும் நிகழ்வு இல்லை' என்று இயந்திரம் முடிவு கட்ட, மூடல்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் பதிவாகியிருக்க வேண்டும். திறந்த உலகப் பார்வை இந்த இடத்தில் உதவாது. யார் செய்தார் என்பதைத் திறந்து வையுங்கள், திறப்பு மூடல் பதிவை முழுப் பட்டியலாக வையுங்கள்.

கடைசியாக, ஊரில் அதிகம் கேட்கும் வாக்கியம்: 'எங்கள் முறைக்குத் தண்ணீர் விடவில்லை.' இதற்கு 'விடாமை-9' என்று ஒரு நிகழ்வு படைக்கத் தோன்றும். வேண்டாம். விடாதது ஒரு செயல் என்றால், நேற்று ராத்திரி மட்டும் கோடிப் பேர் உங்கள் மடையைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். அந்தக் குறையில் அர்த்தம் வருவது முறையிலிருந்து. ஆகவே முறையைப் பதியுங்கள்: இன்ன நாளில், இன்ன நேரத்துக்குள், இன்னார் பொறுப்பில், இன்ன மடை திறக்கப்பட வேண்டும். உழக்கு நெய்க் கடமை மாதிரி இதுவும் ஒரு கடமை, நிகழ்வு அல்ல. அந்த நேரத்துக்குள், அந்த மடையில், அந்தக் கடமையை நிறைவேற்றும் திறப்பு ஏதாவது உண்டா என்று தேடச் சொல்லுங்கள். இல்லை என்று வந்தால் முறை தவறியது. யார் பொறுப்பு என்பதும் கடமையின் வரியிலேயே இருக்கிறது. கடைமடைக்காரர் கேட்கும் கேள்விக்கு அந்த ஒரு தேடலில் விடை கிடைக்கும்.